பாட்டே குருவான கதை

தொலைந்த பாடல்களைத் தேடி ஒருவர் புறப்பட்ட கதை திருவரங்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள், குடந்தைப் பெருமாள் மீது யாத்திரிகர்கள் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். ஆயிரத்தில் இவை பத்து என்று பாட்டே சொல்கிறதே, மீதி எங்கே என்று தேடிக் குருகூருக்குப் போனார். ஆயிரம் கேட்டவருக்கு நாலாயிரமும் கிடைத்தன என்கிறது வைணவக் குருபரம்பரை. அவற்றுக்கு இசை வகுத்து, தம் மருமக்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்தார். மார்கழியில் பகல்பத்திலும் இராப்பத்திலும் அரையர்கள் தாளம் தட்டிச் சேவிப்பது அந்தத் தொகுப்பைத்தான்.

இதற்கு ஆறேழு நூற்றாண்டுகளுக்குப் பிறகு பஞ்சாபிலும் ஒருவர் பாடல்களைத் தேடிப் புறப்பட்டார். அவர் சீக்கியர்களின் ஐந்தாம் குருவான அர்ஜன். அவர் தொகுத்த நூல் 1604இல் முடிந்தது. ஆதி கிரந்தம் என்று தொடங்கி, இன்று குரு கிரந்த சாகிப் என்ற பெயரில் கோடிக்கணக்கானோர் தலைவணங்கும் நூல் அது. அதன் பிறப்பைத் திருவரங்கத்திலிருந்து பார்த்தால் நமக்குப் பழகிய பல முகங்கள் அதில் தெரியும். நம்முடையதாகச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு தனி முகமும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அந்த நூலுக்கு நாம் செய்யும் மரியாதை.

கதை குரு நானக்கிடம் தொடங்குகிறது. 1469இல், இன்றைய பாகிஸ்தானில் உள்ள தல்வண்டியில் பிறந்தவர். அவரது நெடும்பயணங்களில் உடன் நடந்தவர் மர்தானா என்ற முஸ்லிம் இசைக்கலைஞர். வீட்டு வாசல்களில் பாடிப் பிழைத்த மீராசி குலத்தில் பிறந்தவர் அவர். நானக் பாட, மர்தானா ரபாப் மீட்டுவார். தெற்கே இலங்கை வரை இருவரும் போனார்கள் என்று சீக்கிய மரபு சொல்கிறது. நானக் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் இராமேசுவரத்தில் இன்றும் ஒரு குருத்வாரா இருக்கிறது.

நானக்குக்குக் கோட்பாட்டு நூல் எழுதும் நோக்கம் இருக்கவில்லை. அவர் பாடினார். பாடியவை ஏட்டில் ஏறின. இரண்டாம் குரு அங்கத் குர்முகி எழுத்தைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். கற்றவர்களின் சமஸ்கிருதமும் அரசவையின் பாரசீகமும் கோலோச்சிய காலத்தில், உழவரும் கைவினைஞரும் பேசிய மொழிக்கு இப்படி ஓர் உறுதியான எழுத்து அமைந்தது. மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்தில் கோயிந்த்வாலில் பாடல்களைத் தொகுத்துச் சில சுவடிகள் எழுதப்பட்டன. அவருடைய பேரன் சகன்சர் ராம் அவற்றை எழுதினார் என்பது மரபு.

இங்கே ஒரு வழக்கம் வேர்விட்டது. அங்கத்தும் அமர்தாஸும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் பாடல்களில் நானக் என்றே முத்திரை வைத்தார்கள். விளக்கு மாறினாலும் சுடர் ஒன்று என்பது அவர்கள் நம்பிக்கை. இதன் அழகைச் சொல்லவே வேண்டாம். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருந்தது. நானக் என்று முத்திரையிட்டு யார் வேண்டுமானாலும் பாடலாமே!

அதுவே நடந்தது. நான்காம் குரு ராம்தாஸுக்குப் பின் இளைய மகன் அர்ஜன் குருவானதை மூத்தவர் பிரிதி சந்த் ஏற்கவில்லை. தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். அந்தத் தரப்பிலிருந்து நானக் முத்திரையோடு பாடல்கள் புறப்பட்டன. அவற்றைச் சீக்கியர்கள் கச்சா பாணி என்றார்கள், அதாவது வேகாத வாக்கு. எது குருவின் சொல், எது போலி என்று ஊர்களில் குழப்பம் மூண்டது. எல்லாப் பாடல்களையும் திரட்டி, சரிபார்த்து, இனி யாரும் கைவைக்க முடியாதபடி ஒரே நூலாகக் கட்டிவிட வேண்டும் என்று அர்ஜன் முடிவு செய்தார்.

அதற்குக் கோயிந்த்வால் சுவடிகள் வேண்டும். அவை அமர்தாஸின் மகன் மோகனிடம் இருந்தன. அர்ஜனுக்கு அவர் தாய்மாமன். ஆள் அனுப்பிக் கேட்டும் மோகன் தரவில்லை. கடைசியில் அர்ஜனே செருப்பில்லாமல் நடந்துபோய், மாமன் வீட்டு மாடத்துக்குக் கீழே தெருவில் அமர்ந்து பாடினார். பாட்டு மோகனின் நெஞ்சைத் தொட்டது. சுவடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைப் பல்லக்கில் ஏற்றிவிட்டு, பின்னால் குரு நடந்தே வந்தார் என்று மரபு சொல்கிறது. அதிகாரத்துக்கு இளகாத கதவு பாட்டுக்குத் திறந்தது என்று அந்தச் சமூகம் இன்றளவும் இந்தக் கதையைச் சொல்லிவருகிறது.

அமிர்தசரஸில் ராம்சர் குளக்கரையில் வேலை தொடங்கியது. குரு சொல்லச் சொல்ல எழுதியவர் பாயி குர்தாஸ், உறவில் அர்ஜனுக்கு மாமன் முறை. அவர் தாமே பெரும் கவிஞர். கிரந்தத்துக்குத் திறவுகோல் என்று போற்றப்படும் வார் பாடல்களை இயற்றியவர். ஆயினும் அவர் பாடல் ஒன்றுகூட அவர் கைப்பட எழுதிய அந்த நூலில் இடம்பெறவில்லை.

அர்ஜன் யார் யாரைச் சேர்த்தார் என்பதில்தான் இந்தப் பிறப்பின் உயிர் இருக்கிறது. ஐந்து குருமார்களின் பாடல்கள் உண்டு. அவற்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை அர்ஜனுடையவை. கூடவே, பகத்துகள் எனப்படும் 15 அருளாளர்களையும் அவர் அதே நூலுக்குள் உட்காரவைத்தார். நெசவாளர் கபீர், துணிக்கு அச்சடித்த நாமதேவர், செருப்பு தைத்த ரவிதாஸ், முடிதிருத்திய சைன், இறைச்சி விற்ற சாதனா, உழவர் தன்னா, அரசராக இருந்த பீபா ஆகியோர் அவர்களில் அடக்கம். பாக்பட்டனைச் சேர்ந்த சூஃபி ஞானி ஃபரீதின் நூற்றுக்கும் மேற்பட்ட ஈரடிகள் உண்டு. தமிழ்நாட்டுப் பஜனை மடங்களில் அஷ்டபதியால் நமக்குப் பழக்கமான ஜெயதேவரின் பெயரில் இரண்டு பாடல்கள் உண்டு. கபீருடையவை மட்டும் ஐந்நூற்றைத் தாண்டும். இவர்களில் பெரும்பாலோர் நானக்குக்கு முன்னோ அவர் காலத்திலோ வாழ்ந்தவர்கள், சீக்கியர்கள் அல்லர். ஆயினும் கிரந்தத்தின் முன் நெற்றி நிலத்தில் படப் பணியும் ஒவ்வொருவரும் அந்த நெசவாளருக்கும் அந்தச் செருப்புத் தொழிலாளிக்கும் சேர்த்தே பணிகிறார்.

உறையூர்க்காரர்களுக்கு இது புரியும். அவர்கள் ஊரில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் யாழோடு நின்று அரங்கனைப் பாடினார். பாணர் குலம் என்பதால் மறுகரைக்குப் போகவில்லை. வழிவிடவில்லை என்று கல்லெறிந்த கோயில் அர்ச்சகர் லோகசாரங்கரே, அரங்கன் ஆணையால் அவரைத் தோளில் சுமந்துவந்தார் என்கிறது குருபரம்பரை. அமலனாதிபிரான் பத்துப் பாசுரங்களும் நாலாயிரத்தில் சேர்ந்தன. வேளாண்குடியில் பிறந்த நம்மாழ்வாரின் திருவாய்மொழி அந்தத் தொகுப்பின் உச்சமானது. பாடியவரின் பிறப்பைக் கேட்காமல் பாட்டை எடுத்துக்கொண்ட துணிவு காவிரிக்கரையிலும் இருந்தது, ராம்சர் கரையிலும் இருந்தது.

இரண்டு கரைகளுக்கும் நேரடியாக ஒரு பாலமும் உண்டு என்று வடக்கில் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். காசியில் வாழ்ந்த இராமானந்தரைத் திருவரங்கத்து இராமானுசரின் வழிவந்தவராகப் பக்தமாலை இயற்றிய நாபாதாஸ் குறித்தார். கபீர், ரவிதாஸ், சைன், பீபா, தன்னா ஆகியோர் இராமானந்தரின் சீடர்கள் என்பதும் அந்த மரபே. ஆய்வாளர்கள் எல்லோரும் இந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஏற்பதில்லை. ஆனால் பக்தி தென்னாட்டில் பிறந்து வடக்கே போனது என்ற நினைவு வடநாட்டு மக்களிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது.

இராமானந்தரின் ஒரே ஒரு பாடல் கிரந்தத்தில், வசந்த ராகத்தில் இருக்கிறது. அதன் பொருளை அறிந்தால் பாலத்தின் மறுமுனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விளங்கும். சந்தனம் அரைத்து, வாசனைப் பொருள்களோடு கோயிலுக்குப் புறப்பட்டவருக்கு, நீ தேடும் பிரம்மம் உன் மனத்துக்குள்ளேயே இருக்கிறது என்று குரு காட்டிவிட்டார். போன இடமெல்லாம் நீரையும் கல்லையுமே கண்டேன், எங்கும் நிறைந்தவனைக் குருவே காட்டினார் என்று அந்தப் பாடல் விரிகிறது. திருப்பாணாழ்வாரோ அரங்கனின் திருவடியில் தொடங்கித் திருக்கண்கள் வரை ஒவ்வோர் அழகாகக் கண்டு, இவற்றைக் கண்ட கண்கள் வேறெதையும் காணா என்று முடித்தவர். ஒருவர் திருமேனியில் தோய்ந்தார், மற்றவர் உருவைக் கடந்தார். கிரந்தம் இரண்டாமவரின் பக்கத்தில் நிற்கிறது. அதன் தொடக்கத்தில் முதலில் வருவதே ஒன்று என்ற எண்தான். இறைவன் ஒருவன், பிறப்பில்லாதவன், உருவில் அடங்காதவன் என்பதில் அந்த நூல் எங்கும் தளர்வதில்லை.

அர்ஜன் எல்லோரையும் சேர்த்துவிடவும் இல்லை. லாகூரிலிருந்து கானா, சஜ்ஜு, பீலு, ஷா உசேன் என்று நான்கு கவிஞர்கள் தங்கள் பாடல்களோடு வந்த கதையைச் சீக்கிய மரபு பாதுகாத்துவருகிறது. நானே அவன் என்று தன்னையே பரம்பொருளாகப் பாடினார் ஒருவர். பெண்ணைப் பார்ப்பதே கேடு என்றார் இன்னொருவர். பிறக்காதிருப்பதே மேல் என்றார் மூன்றாமவர். பேசாதிருப்பதே சிறப்பு என்றார் நான்காமவர். நால்வரையும் குரு மரியாதையோடு திருப்பி அனுப்பினார். பிறப்பு தடையாகவில்லை, கருத்து தடையானது. தன்னை முன்னிறுத்துவதும், பெண்ணை இழிப்பதும், உலகத்தை வெறுப்பதும் இந்த நூலுக்குள் நுழையக் கூடாது என்ற தெளிவு அந்தக் கதையில் இருக்கிறது.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசர்களைப் பெற்றெடுக்கும் பெண்ணைத் தாழ்வாகப் பேசலாமா என்று நானக் கேட்ட பாடல் கிரந்தத்தில் இருக்கிறது. ஆனால் அதில் இடம்பெற்ற பாடகர்களில் ஒரு பெண்கூட இல்லை. நாலாயிரத்தில் ஆண்டாளின் 173 பாசுரங்கள் இருக்கின்றன. அந்த ஒரு பேறு நமக்கு வாய்த்தது.

சேர்த்ததைக் காக்கவும் அர்ஜன் வழி கண்டார். பாடல்களை ராகவாரியாக அடுக்கினார். ஒவ்வொரு ராகத்துக்குள்ளும் பா வடிவத்தின்படி, அதற்குள் குருமார்களின் வரிசைப்படி, கடைசியில் பகத்துகள். குருமார்கள் எல்லாருடைய முத்திரையும் நானக் என்பதால், முதல் மகலா, மூன்றாம் மகலா, ஐந்தாம் மகலா என்று எண்ணிட்டுப் பாடியவரைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கண்ணிக்கும் பாடலுக்கும் எண். தொகுதி முடிவில் கூட்டுத்தொகை. இடையில் ஒன்றைச் செருகினாலும் உருவினாலும் கணக்கு இடிக்கும். கச்சா பாணிக்குப் போட்ட பூட்டு அதுதான்.

1604இல் பணி முடிந்தது. முதியவர் பாபா புத்தா நூலைத் தலையில் சுமந்துவர, அர்ஜன் பின்னால் சாமரம் வீசியபடி நடந்துவர, பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாகிபில் நூலை எழுந்தருளச் செய்தார்கள். பாபா புத்தாவே முதல் கிரந்தி, அதாவது நூலை ஓதிக் காக்கும் பொறுப்பாளர். அன்றிரவு நூலைக் கட்டிலில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் குரு படுத்தார் என்பார்கள். குருவாக இருப்பவரே தாம் தொகுத்த பாட்டுக்குக் கீழே படுத்த அந்த இரவில், நூறாண்டுகள் கழித்து நடக்கப்போவதன் வித்து விழுந்துவிட்டது.

நூல் பிறந்த இரண்டே ஆண்டில், 1606இல், ஜஹாங்கீர் ஆட்சியில் அர்ஜன் லாகூரில் கொல்லப்பட்டார். அரசரை எதிர்த்த இளவரசர் குஸ்ரோவுக்கு ஆதரவு காட்டினார் என்பது குற்றச்சாட்டு. தொகுத்தவர் போனார், தொகுப்பு நின்றது. மூலப்பிரதி பின்னர் குருவின் குடும்பத்தில் பிரிந்துபோன ஒரு கிளையின் வசமானது. ஜலந்தருக்கு அருகே கர்தார்பூரில் இருப்பதால் அதைக் கர்தார்பூர் பீர் என்கிறார்கள்.

கடைசி வடிவம் தந்தவர் பத்தாம் குரு கோவிந்த் சிங். 1675இல் டெல்லியில் தலை துண்டிக்கப்பட்ட தம் தந்தை குரு தேக் பகதூரின் பாடல்களை அவர் சேர்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்தமாவில் அவர் முழு நூலையும் சொல்ல, பாயி மணி சிங் எழுதினார் என்கிறது மரபு. அதுவரை 30 ராகங்கள் இருந்த நூலில் அப்போது 31ஆவது ராகம் வந்து சேர்ந்தது. தேக் பகதூர் மட்டுமே பாடிய ஜெயஜெயவந்தி அது. கர்நாடக இசையில் அதற்கு இணையாகச் சொல்லப்படும் த்விஜாவந்தியைத் திருச்சிக்காரர்கள் தேடிப் போக வேண்டாம். திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரி மீது பாடப்படும் புகழ்பெற்ற கீர்த்தனை அந்த ராகத்தில்தான் இருக்கிறது. கோவிந்த் சிங் தாமும் கவிஞர். ஆனால் தம் பாடல்களை இந்த நூலில் அவர் வைக்கவில்லை. 1708இல் நாந்தேடில் உயிர் பிரியும் முன், இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அறிவித்தார். ஆதி கிரந்தம் அன்று குரு கிரந்த சாகிப் ஆனது.

அன்றிலிருந்து சீக்கியரின் ஒரு நாள் அந்த நூலைச் சுற்றியே சுழல்கிறது. விடியலில் மேற்கட்டியின் கீழ் பட்டு விரித்துத் திறக்கிறார்கள். சாமரம் வீசுகிறார்கள். திறந்த பக்கத்தில் வரும் முதல் பாடலை அன்றைய ஆணையாக, ஹுகம் என்று ஏற்கிறார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்க அந்தப் பாடலின் முதல் எழுத்தைக் கொள்கிறார்கள். மணமக்கள் நூலை நான்குமுறை வலம்வருகிறார்கள். இரவில் தலையில் சுமந்துபோய்ப் பள்ளிகொள்ளச் செய்கிறார்கள். அச்சிட்ட பிரதி எல்லாவற்றுக்கும் 1430 பக்கம். எந்த ஊரிலும் பக்க எண் மாறாது.

சாமரத்தையும் பள்ளியறையையும் கண்டு, இதுவும் நம் கோயில் வழிபாடுதானே என்று சொல்ல நமக்கு ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். 1898இல் சீக்கிய அறிஞர் கான் சிங் நாபா, நாங்கள் இந்துக்கள் அல்ல என்ற பொருளில் தலைப்பிட்டே ஒரு நூல் எழுதினார். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, கோயில் நுழைவு குறித்த ஓரிடத்தில் இந்து என்பதில் சீக்கியரையும் அடக்குவதால் எழுந்த மனக்குறை இன்றும் ஆறவில்லை. நம் கோயில்களின் மூர்த்திகள் சொத்துக்கு உரிமையுள்ள ஆளாகச் சட்டத்தில் கருதப்படுகிறார்கள். கிரந்தமும் அப்படிப்பட்ட சட்ட ஆளா என்ற கேள்வி ஒரு நில வழக்கில் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000இல் வந்த தீர்ப்பு, ஆம், சட்ட ஆள் என்றது. ஆனால் விக்கிரகத்துக்கு ஈடாக வைத்து அந்த உரிமையைத் தரவில்லை. சீக்கியம் உருவ வழிபாட்டை ஏற்பதில்லை, குரு என்ற நிலையிலேயே கிரந்தம் மதிக்கப்படுகிறது என்று பிரித்துச் சொன்னது. உறவைச் சொல்வதற்கும் உரிமை கொண்டாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு நன்றாகவே காட்டுகிறது.

இந்த நூலின் வாழ்க்கையில் தமிழர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு நாள் 1920 அக்டோபர் 12. தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குலங்களிலிருந்து புதிதாக அமிர்தம் ஏற்றுச் சீக்கியரானவர்கள் ஹர்மந்திர் சாகிபுக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்க அங்கிருந்த கிரந்திகள் மறுத்தார்கள். ரவிதாஸின் பாட்டை ஓதும் இடத்தில் ரவிதாஸின் பிறப்பைச் சேர்ந்தவர் கையால் வாங்க மறுப்பு! வாக்குவாதம் முற்றியது. குருவையே கேட்போம் என்று இரு தரப்பும் இசைந்தன. கிரந்தம் திறக்கப்பட்டது. தகுதியற்றவரையும் இறைவன் மன்னித்துக் குருவின் பணியில் சேர்த்துக்கொள்கிறான் என்ற பொருளில் பாடல் வந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அந்த எழுச்சியிலிருந்து அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குழு பிறந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1924இல், பஞ்சாபிலிருந்து அகாலிகள் எனப்படும் சீக்கியத் தொண்டர்கள் கேரளத்து வைக்கத்துக்கு வந்து, கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர்களுக்கு லங்கர் என்னும் பொதுச் சமையலுக்கு அடுப்பு மூட்டினார்கள். ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்ட அதே வைக்கம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருப்பாணாழ்வாரின் பாசுரம் கருவறை முன் ஒலித்துக்கொண்டே இருந்த நூற்றாண்டுகளில், அவர் குலத்தவருக்கு நம் கோயில்களின் வாசல் அடைத்தே கிடந்தது.

பஞ்சாபிலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சாதிக்கொரு குருத்வாரா கட்டும் ஊர்களைச் சீக்கியர்களே இன்றும் கண்டிக்கிறார்கள். ஆனால் அப்படிக் கண்டிப்பவர்களின் கையில் அந்த நூல் இருக்கிறது. யாரை உடன் உட்காரவைப்பது என்று 1604இல் ஒருவர் எடுத்த முடிவு அதன் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. பாணரின் பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு பாணரை வெளியே நிறுத்தக் கூடாது என்பதே அதன் பொருள். நாலாயிரத்தை நெஞ்சில் தாங்கும் நமக்கும் அந்த முடிவு பொருந்தும்.